இரண்டு சீட்டுகளும் ஓர் இடைவெளியும்

ஊர் திரும்புதலைப் பற்றிய கதைகளையும் கவிதைகளையும் நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றில் வருகிறவர்கள் ஓர் அத்தியாயத்தின் முடிவில் விமானம் ஏறுவார்கள். அடுத்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஊர் எல்லை வேப்பமரத்தடியில் நிற்பார்கள். நடுவில் உள்ள முப்பது மணி நேரத்தை ஆசிரியர்கள் தாண்டிவிடுகிறார்கள். கதைக்கு அது வேண்டியதில்லை என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதைக்கு வெளியே உள்ள எங்களைப் போன்றவர்களுக்கு அந்த முப்பது மணி நேரத்தை உட்கார்ந்தும் நின்றும் வரிசையில் நகர்ந்தும்தான் கடக்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அந்த நடுப்பகுதியைப் பற்றியது. குறிப்பாக, நெடிய வெளிநாட்டுப் பயணம் ஒன்றின் கடைசித் துண்டுக்கு மட்டும் தனியாக ஒரு விமானச் சீட்டு வாங்கலாமா கூடாதா என்கிற, இலக்கியத்தில் இடம்பெறாத, ஆனால் பல வீடுகளில் இரவு நெடுநேரம் விவாதிக்கப்படுகிற கேள்வியைப் பற்றியது.

முதலில் ஊரின் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊர் களமருதூர். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கிராமம். தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரம் மாவட்டத்திற்கும், அங்கிருந்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்கும், இருந்த இடத்தை விட்டு அசையாமலே குடிபெயர்ந்த ஊர். எங்கள் இருவரில் ஒருவர் அங்கே பிறந்தவர்; மற்றவர் அங்கே பெண்ணெடுத்தவர். பதினைந்து ஆண்டுகளாகச் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகில் வசித்துவருகிறோம்.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் சேலம் சாலை பிரியும் இடம் உளுந்தூர்ப்பேட்டை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து ஏறத்தாழ 130. சென்னையில் வந்திறங்கி அங்கிருந்து திருச்சிக்கு இன்னொரு விமானம் ஏறினால், எங்கள் ஊரைத் தாண்டித் தெற்கே பறந்துபோய்விட்டு, மறுபடி சாலை வழியே வடக்கு நோக்கித் திரும்ப வேண்டும். ஆகவே எங்களுக்குப் பொருந்தும் வழிகள் இரண்டுதான். ஒன்று, சென்னையில் இறங்கிச் சாலைவழியாக ஊர் சேர்வது. மற்றது, சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றிலிருந்து நேராகத் திருச்சியில் இறங்குவது.

திருச்சி விமான நிலையத்தை அறிந்தவர்கள் அதன் விசித்திரத்தையும் அறிவார்கள். உள்நாட்டுப் பயணிகளைவிட வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்துபோகிற நிலையம் அது. தஞ்சை, புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், எங்கள் கள்ளக்குறிச்சி ஆகிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து உழைக்கப் போனவர்கள் வளர்த்துவிட்ட நிலையம் என்று சொன்னால் மிகையாகாது. 2024 ஜனவரியில் புதிய முனையம் திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அங்கே வந்திறங்கும் விமானங்களில் பெரும்பாலானவை மலிவுக் கட்டண நிறுவனங்களுடையவை. பசிபிக் பெருங்கடலைக் கடந்துவரும் பெரிய விமானம் ஒரு நிறுவனத்துடையது. திருச்சிக்கு வரும் சிறிய விமானம் வேறொன்றினுடையது. சிலவேளை இரண்டையும் சேர்த்து ஒரே சீட்டாக விற்கிறார்கள். பலவேளை அப்படிக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கண்ணைக் கட்டுகிறது. தனித்தனியாக வாங்கினால் பல நூறு டாலர்கள் மிச்சமாகின்றன. கேள்வி அங்கேதான் பிறக்கிறது.

*

ஒரே சீட்டு என்பதன் பொருள் என்ன? அது வெறும் காகித ஒற்றுமை அன்று. 1929ஆம் ஆண்டின் வார்சா உடன்படிக்கையிலேயே இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது; அதன் இடத்தைப் பிடித்த 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியால் உடன்படிக்கையும் அதைத் தொடர்கிறது. இந்தியா பின்னதில் 2009இல் சேர்ந்தது. பல நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கொண்டுசெல்லும் பயணமானாலும், அதை ஒரே செயலாகக் கருதியே இரு தரப்பாரும் உடன்பட்டிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது பிரிவுபடாத ஒரே பயணம் என்பது அதன் சாரம். ஐரோப்பிய நீதிமன்றமும் 2018இல் ஒரு வழக்கில், பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் சென்ற பயணியின் இரு விமானங்களும் ஒரே முன்பதிவில் அடங்கியவை என்பதால் முழுப் பயணத்தையும் ஒன்றாகவே எடைபோட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நடுவில் இறங்கி வேறு விமானம் ஏறியது ஒரு பொருட்டாகவில்லை.

நடைமுறையில் இதன் பயன்கள் எளியவை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டிகள் பெரும்பாலும் கடைசி ஊர் வரை தாமே போய்விடும். ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறக் குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் குறைவான இடைவெளியில் ஒரே சீட்டாக விற்கமாட்டார்கள்.

இத்தகைய ஏற்பாடு தமிழர்களுக்குப் புதியதன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு ஓடிய போட் மெயிலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்னை எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கியவர் தனுஷ்கோடி வரை ரயிலில் போவார். அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலில் கடல் தாண்டுவார். அங்கே காத்திருக்கும் ரயிலில் ஏறிக் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்குவார். இரண்டு ரயில்கள், ஒரு கப்பல், நடுவே ஒரு கடல். ஆனால் பயணி கையில் ஒரு சீட்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதோடு அந்தத் தடமும் முடிந்தது.

அதற்கு நேர்மாறான மரபும் நம்மிடம் இருந்தது. மலேயாவுக்குப் போனவர்கள் பயணம்செய்த ‘ரஜூலா’ கப்பல் 1926இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூர், பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று வந்துபோனது. பினாங்கிலிருந்து வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியவருக்குக் கப்பல் சீட்டு அங்கேயே முடிந்துபோகும். அதற்கு மேல் ரயிலோ பேருந்தோ மாட்டுவண்டியோ அவர் பாடு. ஆனால் கப்பல் ஒரு நாள் தாமதமானால் அவர் இழப்பது ஒரு நாள்தான். வாங்காத சீட்டு காலாவதியாவதில்லை. அடுத்த ரயில் அவரை ஏன் நேற்று வரவில்லை என்று கேட்பதில்லை. இந்தச் சிறிய வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

*

இனி இரண்டு சீட்டு முறை. இதில் ஒரு சீட்டுக்கு மற்றதைப் பற்றி ஒன்றும் தெரியாது. முதல் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமாக வந்தாலும், இரண்டாம் நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். சீட்டின் பணம் போனது. போகவும் வரவும் சேர்த்து ஒன்றாக வாங்கியிருந்தால், போகும் பகுதியில் ஏறாதவர்களுக்குத் திரும்பும் பகுதியையும் ரத்துசெய்துவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம். ஆகையால் இவ்வாறு வாங்குகிறவர்கள் போவதை ஒரு சீட்டாகவும் வருவதை வேறொரு சீட்டாகவும் வாங்குவது நல்லது.

அடுத்தது பெட்டி. முதல் நிறுவனம் பெட்டியைச் சிங்கப்பூரோடு விட்டுவிடும். அதை எடுக்க வேண்டுமானால் குடிவரவுச் சோதனையைத் தாண்டி அந்த நாட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி புறப்பாட்டுத் தளத்துக்குப் போய், புதிய பயணியைப் போல வரிசையில் நிற்க வேண்டும். நாட்டுக்குள் கால் வைக்க விசா வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்குச் சிங்கப்பூரில் விசா தேவை. எனினும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும் மேற்கொண்டு செல்லும் விமானச் சீட்டும் வைத்திருப்போரை 96 மணி நேரம் வரை விசா இன்றி அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. இவ்விதிகள் மாறக்கூடியவை, சீட்டு வாங்கும் நாளில் அந்நாட்டு அரசின் தளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புறப்படும் ஊரிலேயே இதைக் கேட்பார்கள். சிங்கப்பூரோடு முடியும் சீட்டை நீட்டினால், அங்கே நுழைய உங்களுக்கு உரிமை உண்டா என்று முதல் நிறுவனம் பார்த்த பிறகுதான் ஏற்றும்.

பிறகு எடை. அமெரிக்காவிலிருந்து புறப்படும் பெரிய விமானங்களில் ஆளுக்கு 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகள் கொண்டுவருவது வழக்கம். மலிவுக் கட்டண நிறுவனத்தில் கைப்பெட்டி தவிர மற்றதெல்லாம் விலைக்கு. முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் ஒரு விலை, கவுண்டரில் வாங்கினால் வேறு விலை. சென்னையிலோ டெல்லியிலோ இறங்கி உள்நாட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கும் இதே சங்கடம்தான்; தனியாக வாங்கிய உள்நாட்டுச் சீட்டில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. மிச்சம் பிடித்த டாலர்களில் ஒரு பகுதி இங்கே கரைந்துவிடும்.

கடைசியாக நேரம். சிறிய விமானத்தின் கவுண்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே சீட்டில் நான்கு மணி நேர இடைவெளி என்று போட்டிருந்தால், உண்மையில் கையில் இருப்பது மூன்று. அதில் குடிவரவு வரிசையும் பெட்டிக்காகக் காத்திருப்பதும் போக மிஞ்சுவது ஒன்றரை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் பதினேழு மணி நேரப் பயணத்தின் தாமதம் முழுவதையும் தாங்க வேண்டும்.

இவ்வளவையும் படித்தவர்கள், ஒரே சீட்டுதான் உத்தமம் என்று நாங்கள் சொல்லப்போவதாக எண்ணக்கூடும். நாங்களும் பல ஆண்டுகள் அப்படியே எண்ணியிருந்தோம். விலையில் உள்ள வேறுபாடு பொறுப்பின் விலை. கொடுத்துவிடலாம் என்பது எங்கள் வீட்டின் தீர்மானமாக இருந்தது. சென்ற ஐப்பசியில் அந்தத் தீர்மானத்தை விரித்துப் பார்க்க வேண்டி வந்தது.

*

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் களமருதூரில் எங்கள் இருவரில் ஒருவருக்குத் தந்தையும் மற்றவருக்கு மாமனாருமானவர் காலமானார். மறுநாள் எடுத்துவிட்டார்கள். அதற்கு நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க இயலாது. புதுப்பிக்க அனுப்பியிருந்த மகளின் கடவுச்சீட்டு அப்போது வீட்டில் இல்லை. பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை என்று ஆயிற்று. தம்பி தொலைபேசியில் சொன்னான்: “அக்கா, ஞாயித்துக்கிழமை பொழுது விடியறதுக்கு முன்னாடி அம்மாவுக்குச் சடங்கு. எடுக்கும்போதுதான் நீ இல்ல. அன்னிக்காவது அம்மா பக்கத்துல இரு.”

அந்தச் சடங்கு என்ன என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழுத்தில் கிடந்ததைக் கழற்றும் நேரம். பிறந்த வீட்டார் கோடி கொண்டுவந்து போர்த்துவார்கள். அது கூடாது என்பதே எங்கள் இருவரின் கருத்தும். ஆனால் முப்பது மணி நேரத் தொலைவிலிருந்து கருத்துச் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு அந்த விடியலுக்கு முன் வாசலில் இருந்தாக வேண்டும். ஒரு மணி நேரம் பிந்தினாலும் போவதில் பொருளில்லை.

கடவுச்சீட்டு கைக்கு வந்தது பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை. அன்றிரவு கணினித் திரையில் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, வியாழன் இரவு புறப்பட்டுச் சிங்கப்பூர் வழியாகச் சனிக்கிழமை முற்பகலில் திருச்சி சேரும் ஒரே சீட்டு. சிங்கப்பூரில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளி. புதன் இரவுக்கு அவ்வாறு சேர்ந்த சீட்டு தீர்ந்துபோயிருந்தது. மற்றது, புதன் இரவு சிங்கப்பூர் வரை ஒரு சீட்டு. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே இறங்கி, அன்று மாலை ஆறரை மணிக்கு வேறு நிறுவனத்தில் திருச்சிக்குத் தனியாக ஒரு சீட்டு. இருவருக்கும் சேர்த்து இது 900 டாலர் குறைவு.

எங்களில் ஒருவர் பழைய தீர்மானத்தை நினைவூட்டினார். ஒரே சீட்டு என்றால் எப்படியும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள் என்றார். மற்றவர் கேட்டார்: “எப்படியும் சேர்ப்பாங்க, சரி. எப்ப சேர்ப்பாங்க?”

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். ஒரே சீட்டு உறுதியளிப்பது ஊர் சேர்வதை. உரிய நேரத்தில் சேர்வதை எந்தச் சீட்டும் உறுதியளிப்பதில்லை. வியாழன் இரவு விமானம் ஆறு மணி நேரம் தாமதமாகியிருந்தால், அந்த நிறுவனம் எங்களை முறைப்படி அடுத்த திருச்சி விமானத்தில் ஏற்றியிருக்கும். உணவும் விடுதியும்கூடத் தந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எந்தக் குறையும் இல்லாமல் ஊரில் இறங்கியிருப்போம். மான்ட்ரியால் உடன்படிக்கையும் தாமதத்தால் விளையும் இழப்புக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்ததாக நிறுவனம் நிரூபித்தால் விலக்கு உண்டு, தொகைக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. 2024 டிசம்பர் இறுதியிலிருந்து அவ்வரம்பு ஒரு பயணிக்குப் பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகில் 6,303. சட்டம் செய்யக்கூடியது அவ்வளவுதான். அம்மாவின் பக்கத்தில் இல்லாமற்போன ஒரு விடியலை எந்த அலகில் எழுதிக் கேட்பது?

ஆகவே நாங்கள் இரண்டு சீட்டுகளை வாங்கினோம். மிச்சமான பணத்தைவிட, இடையில் கிடைத்த பதினொன்றரை மணி நேரமும், அதற்குப் பின்னால் சனிக்கிழமை என்கிற ஒரு முழு நாளும்தான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தன. வெள்ளி மாலை விமானம் தவறினாலும், சனிக்கிழமை புறப்படும் இன்னொன்றுக்குப் புதிதாகச் சீட்டு வாங்க அந்த 900 டாலரைத் தொடாமல் வைத்திருந்தோம்.

புதன் இரவு விமானம் ஏழு மணி நேரம் தாமதமாகத்தான் புறப்பட்டது. இயந்திரக் கோளாறு என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ நிலையத்தின் கம்பளத் தரையில் உட்கார்ந்து, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தோம். பதினொன்றரை நாலரையாகச் சுருங்கியது. வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் இறங்கினோம். பெட்டி கைக்கு வந்தபோது மூன்றேகால். நான்கு மணிக்குக் கவுண்டர் முன்னால் நின்றோம். அதே விமானத்தில் வந்த இளைஞர் ஒருவரை அங்கே பார்த்தோம், பெரம்பலூர்ப் பக்கம். அவரும் இரண்டு சீட்டுக்காரர். முற்பகல் விமானத்தில் மூன்று மணி நேர இடைவெளி வைத்து வாங்கியிருந்தார்; அது எப்போதோ போய்விட்டது. எங்கள் விமானத்தில் இடமில்லை. மறுநாளைக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போவது தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு. அது சனிக்கிழமை காலை.

இரவு எட்டேகாலுக்குத் திருச்சி. தம்பி அனுப்பிய வண்டியில் நல்ல மழையில் வந்தோம். பதினொன்றரைக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை விடியலில் மகள் அம்மாவின் பக்கத்தில் இருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

*

அந்த இளைஞரும் நாங்களும் வாங்கியது ஒரே மாதிரியான இரண்டு சீட்டுகள்தாம். வேறுபட்டது நடுவில் இருந்த இடைவெளி மட்டும். ஆகவே இந்தக் கேள்வியை ஒரு சீட்டா இரண்டா என்று கேட்பதைவிட, தாமதம் வந்தால் அதை எது தாங்கும் என்று கேட்பதே சரி என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரே சீட்டில் நிறுவனம் தாங்குகிறது, தனக்கு வசதிப்பட்ட நேரத்தில். இரண்டு சீட்டில் நாமே தாங்குகிறோம், நாம் ஒதுக்கிவைத்த நேரத்தைக்கொண்டு. அப்படி ஒதுக்கிவைக்க நேரம் இல்லாதவர்கள் ஒரே சீட்டை வாங்குவதே நல்லது. நேரம் இருக்கிறது, ஆனால் குறிப்பிட்ட ஒரு பொழுதுக்குள் போய்ச் சேர வேண்டும் என்றால், எந்தச் சீட்டானாலும் அந்தப் பொழுதுக்கு முன்னால் ஒரு நாளை வெறுமையாக விட்டுவைக்க வேண்டும்.

பயணம் போய் வந்தவர், போகப்போகிறவருக்கு வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்தவர்கள் நாம். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. அவற்றில் மலைபடுகடாம் எங்கள் பக்கத்துப் பாட்டு. அதன் தலைவன் நன்னனின் செங்கண்மா, கல்வராயன் மலைக்கு வடக்கே உள்ள இன்றைய செங்கம் என்பார்கள். பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளில் பரிசிலைப் பற்றிய புகழ்ச்சிக்கு இணையாக வழியைப் பற்றிய எச்சரிக்கைகளும் இருக்கின்றன. தினைப்புனங்களில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், ஆகவே இருட்டில் நடக்காதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறது பாட்டு. யானையை விரட்டக் கவணிலிருந்து எறியும் கல் உங்கள் மேல் படக்கூடும், மறைந்து போங்கள் என்கிறது. எந்த இடத்தில் இரவு தங்கலாம், அங்கே என்ன உணவு கிடைக்கும் என்று சொல்கிறது. விரைந்து போய்ச் சேரும் வழியை அந்தக் கூத்தன் சொல்லவில்லை. சேர்ந்துவிடக்கூடிய வழியைச் சொல்கிறான். தங்கும் இரவுகளும் அவனுக்கு வழியின் பகுதிதான். விமான நிலையத்தில் கழிக்கும் பதினொன்றரை மணி நேரத்தை வீண்பொழுது என்று நினைக்கிற நமக்கு இது உதவும்.

போகிறவர்களுக்கு எங்களால் சொல்ல முடிந்தவை சில. தனிச் சீட்டு வாங்கினால், பகலில் இறங்கி மாலையில் ஏறுவதுபோல் இடைவெளி வையுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். அதே தடத்தில் அன்றைக்கோ மறுநாளோ இன்னொரு விமானம் உண்டா என்று முன்பே பார்த்துவையுங்கள். நாளுக்கு ஒன்றே உள்ள தடமானால் தவறினால் ஒரு நாள் போனதாகக் கொள்ளுங்கள். இரண்டாம் விமானத்துக்கான பெட்டி எடையைச் சீட்டோடு சேர்த்தே வாங்குங்கள். மிச்சமான பணத்தை ஊர் சேரும்வரை மிச்சம் என்று எண்ணாதீர்கள். கோலாலம்பூர் வழியாக வருகிறவர்கள், பெரிய விமானம் வரும் முனையமும் மலிவு விமானங்கள் புறப்படும் முனையமும் வேறு வேறு என்பதையும், இடையே ரயிலேற வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தும் ஒரு மாற்றுடையும் கைப்பையில் இருக்கட்டும்.

களமருதூர்க்காரர்களுக்கு இன்னொரு வழி எப்போதும் இருக்கிறது. சென்னை வரை ஒரே சீட்டு, பிறகு சாலை. இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்தில்தான் குடிவரவும் சுங்கமும் என்பதால், எப்படியும் பெட்டியைக் கையில் எடுத்தாக வேண்டியிருக்கிறது. எடுத்த பெட்டியோடு வெளியே வந்து, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போனால் தெற்கே போகும் பேருந்துகள் அங்கிருந்து புறப்படுகின்றன. விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால் ஐந்து மணி நேரம் கழித்துப் புறப்படும் பேருந்து. ரஜூலாவில் வந்து நாகப்பட்டினத்தில் இறங்கியவருக்கு இருந்த அதே சௌகரியம். முன்பதிவு செய்யாத சாலை யாரையும் வராதவர் என்று பட்டியலிலிருந்து அடிப்பதில்லை.

இந்த ஐப்பசியில் தலைத்திவசம். தேதி முன்பே தெரியும் என்பதால் அவசரமில்லை. சென்னை வரை ஒரே சீட்டாக வாங்கிவிட்டோம். திவசத்துக்கு மூன்று நாள் முன்னதாக இறங்குகிறோம். அவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று தம்பி கேட்டான். அம்மாவுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. மூன்று நாளுக்கும் என்ன சமைப்பது என்று இப்போதிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்.